மச்சான் முகவரியில் பிஒய் (புதுச்சேரி) எண்: வரி மிச்சமாகுமா?

கோவைக்காரன்:
18 லட்ச ரூபாய்க்கு கார் எடுக்கப் போகிறேன். இங்கே ஆயுள்கால வரி 18%, அதாவது 3.24 லட்சம். மச்சான் புதுச்சேரியில் இருக்கிறார். அவர் வீட்டு முகவரியில் பதிந்து கோவையில் ஓட்டலாமா?

வண்டிக்கணக்கு:
வேண்டாங்க. மோட்டார் வாகனச் சட்டம் 40-ஆம் பிரிவு பார்ப்பது நீங்கள் வசிக்கும் இடம் அல்லது தொழில் செய்யும் இடம், வண்டி வழக்கமாக நிற்கும் இடம். மச்சான் வீடு இதில் எதுவும் இல்லை. 2017-ல் கேரளாவில் வெடித்ததும் இதே கதைதான். ஒரு கோடி ரூபாய் காருக்கு அங்கே சுமார் 20 லட்சம் வரி, புதுச்சேரியில் சுமார் 1.5 லட்சம். பொய் முகவரி காட்டிப் பதிந்ததாகப் பிரபலங்கள் மேல் போலி ஆவண வழக்கே பாய்ந்தது. வரிப் பாக்கி என்றால் கட்டி முடித்துவிடலாம், இது அப்படிப் போகாது.

ஆர்சிபுக்:
நேர்மையாக அங்கே பதிந்த வண்டியும் இங்கே 12 மாதத்துக்கு மேல் நின்றால், 47-ஆம் பிரிவுப்படி டிஎன் எண்ணுக்கு மாற்றியாக வேண்டும். கடன் இருந்தால் முதலில் வங்கியின் என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று. அடுத்து படிவம் 28-ல் சேசிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) பென்சிலால் தேய்த்தெடுத்து ஒட்டி, பழைய ஆர்டிஓவில் என்ஓசி. பிறகு படிவம் 27-ஓடு இங்கே. வண்டியின் வயதுக்கேற்ப வரி குறையும், ஆனாலும் கட்டித்தான் ஆகணும். அங்கே கட்டியது தானாகத் திரும்பி வராது, தனியாக மனு போட்டு அலைய வேண்டும். பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

வண்டிக்கணக்கு:
மிச்சம் பிடிக்க வேறு இடம் இருக்கு. மேல் மாடலுக்குப் போகும்போது விலை 20 லட்சத்தைத் தாண்டாமல் பாருங்கள். 2023 நவம்பர் முதல் அதற்கு மேல் 20%, அதுவும் முழு விலைக்கும். 19.90 லட்சத்துக்கு வரி 3.58 லட்சம், 20.10 லட்சத்துக்கு 4.02 லட்சம். சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு 43,800 ரூபாய் கூடுதல் வரி!

லாரிஷெட்:
வாகன வரி அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில் 57-ஆவது இனம், அதாவது மாநிலங்களே முடிவு செய்வது. ஜிஎஸ்டி வந்தும் இதைத் தொடவில்லை. அதனால் சின்ன மாநிலங்கள் வரியைக் குறைத்துப் பதிவை இழுக்கின்றன, சாலைத் தேய்மானம் நம் தலையில். நாகாலாந்து எண்ணோடு சென்னை–கோவை ஓடிய ஆம்னி பஸ்கள் அப்படி வந்தவைதான். 2024 ஜூனில் தமிழ்நாடு அவற்றைத் தடுத்தது.

கோவைக்காரன்:
சரி, டிஎன் எண்ணே. சன்ரூஃப் இல்லாத மாடல்தான்.