முதுகெலும்புத் தொற்று, எம்ஆர்ஐ: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். என் மாமனாருக்கு 71 வயது, ரொம்ப நாளாகச் சர்க்கரை. ராத்திரி படுத்தாலும் அடங்காத இடுப்பு வலி. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. தொற்றின் முதல் 2, 3 வாரங்களில் அது பெரும்பாலும் காட்டிக்கொடுக்காதாம். எம்ஆர்ஐயில்தான் பிடிபட்டது. அடுத்தடுத்த இரண்டு எலும்புகளும் நடுவில் உள்ள வட்டும் பளீரென்று வெள்ளையாக இருந்ததை டாக்டர் திரையில் விரல் வைத்துக் காட்டினார்.

தண்டுவடத்தை ஒட்டிச் சீழ் இருக்கிறதா என்று பார்க்க, இப்போது கடோலினியம் ஊசி (படம் தெளிவாகத் தெரியப் போடும் மருந்து) போட்டு இன்னொரு ஸ்கேன். மாமாவுக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம். அப்படிப்பட்டவர்கள் யாராவது இந்த ஊசி போட்டுக்கொண்டீர்களா? டாக்டரிடம் முன்கூட்டியே என்ன கேட்டுக்கொண்டீர்கள்? ஸ்கேன் எந்திரக் குழாய்க்குள் போகவும் பயப்படுகிறார், பாவம். மயக்க மருந்து கொடுப்பார்களா?

இன்னொன்று. ஆன்டிபயாடிக் முடிந்ததும் மறுபடி எம்ஆர்ஐ எடுத்தார்களா? வலியும் சிஆர்பியும் (ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவு) குறைந்தாலும் படம் தேற நாளாகும் என்கிறார்கள். மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) எவ்வளவு கைகொடுத்தது என்றும் சொல்லுங்கள்.

கால் மரத்துப்போனாலோ சிறுநீர் நின்றாலோ உடனே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்பது தெரியும், கவனமாகத்தான் இருக்கிறோம்.