காசிமேடு படிப்பகம் குழு: வைஃபையும் இல்லை, சத்தமும் இல்லை

ஸ்டெல்லா அக்கா: படிப்பகத்துக்கு வந்த பழைய லேப்டாப்பில் நேற்று தினேஷ் லினக்ஸ் போட்டான். திரை நன்றாக வருகிறது. ஆனால் வைஃபை என்ற பேச்சே இல்லை, சத்தமும் இல்லை. 7 மணிக்கு குரூப் 4 வகுப்பு. பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். யாராவது பாருங்களேன்.

ராஜேந்திரன் மாமா: விண்டோஸ் போட்டுவிட வேண்டியதுதானே?

தினேஷ்: 4 ஜிபி ரேம், மாமா. விண்டோஸ் திறப்பதற்குள் நீங்கள் போய் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம்.

பாஷா பாய்: பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் இருக்கிறதா பார் தம்பி. பழைய மாடல்களில் வைஃபைக்கு என்றே ஒன்று இருக்கும்.

தினேஷ்: இல்லை பாய். வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் கமாண்டைப் போட்டுப் பார்த்தேன், புளூடூத்தை மட்டும் காட்டுகிறது. யூடியூபில் ஒருத்தர் சொன்ன கமாண்ட் எல்லாம் அடித்தாயிற்று.

கீதா: தினேஷ், கொஞ்சம் நிறுத்து. எந்த சிப் என்று தெரியாமல் கண்டதையும் அடிக்காதே. டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் திரையில், எல்எஸ்பிசிஐ, ஒரு இடைவெளி, ஹைஃபன் என்என்கே. உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியல் போடும். நெட்வொர்க் என்று வரும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பு. நான் ரயிலில் இருக்கிறேன். பேசின் பிரிட்ஜில் நிற்கிறது.

ராஜேந்திரன் மாமா: பேசின் பிரிட்ஜில் நிற்காத வண்டி எது?

தினேஷ்: 📷 படம்

கீதா: சதுர அடைப்புக்குள் 14இ4:4365 என்று இருக்கிறது பார். முதல் பாதி கம்பெனி, அதாவது பிராட்காம். அடுத்த பாதி மாடல், பிசிஎம்43142. இந்த எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும், லேப்டாப் பெயரை வைத்து இல்லை. ஒரே மாடல் லேப்டாப்பில் வேறு வேறு வைஃபை கார்டு போட்டு விற்றிருப்பார்கள்.

தினேஷ்: கீழே டிரைவர் இருப்பதாகத்தானே காட்டுகிறது? பிசிஎம்ஏ பிசிஐ பிரிட்ஜ் என்று.

கீதா: அது வெறும் பிரிட்ஜ். கார்டு இருக்கிறது என்று கண்டுகொள்ளும், வைஃபையை ஓட்டாது. ஓட்டுவதற்கு ‘டபிள்யூஎல்’ என்ற டிரைவர் வேண்டும்.

தினேஷ்: நான் போட்ட லினக்ஸ் டெபியன் 12. அதில் எல்லாம் கூடவே வரும் என்றார்களே அக்கா.

கீதா: பாதி சரி. 2023 ஜூனில் வந்த 12இலிருந்து ஃபர்ம்வேரை இன்ஸ்டாலரிலேயே சேர்த்துத் தருகிறார்கள். ஆனால் ஃபர்ம்வேர் வேறு, டிரைவர் வேறு. ஃபர்ம்வேர் சிப்புக்குள் ஏறுவது, டிரைவர் லினக்ஸின் மையமான கர்னலோடு உட்காருவது. டபிள்யூஎல்லின் மூலநிரலை முழுதாகத் திறந்து கொடுக்கவில்லை. அதனால் அது நான்-ஃப்ரீ என்ற தனிப் பகுதியில் கிடக்கிறது. அந்தப் பகுதியை நாமே சேர்க்க வேண்டும்.

ஸ்டெல்லா அக்கா: இறக்குவதற்கு நெட் வேண்டுமே கீதா. நெட்டுக்குத்தானே இந்தப் பாடு!

கீதா: போனைக் கேபிளில் சொருகி, போன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போடச் சொல்லுங்கள் அக்கா. லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு போனுக்குத் தனியாக எதுவும் போட வேண்டாம்.

தினேஷ்: டெதரிங் மங்கலாக இருக்கிறது, அழுத்தவே முடியவில்லை. சார்ஜ் மட்டும் ஏறுகிறது.

பாஷா பாய்: பிளாட்பாரக் கேபிளா? உள்ளே டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜுக்கு ரெண்டு கம்பி மட்டும்தான். கடையிலிருந்து நல்லது ஒன்று கொடுத்தனுப்புகிறேன், இரு.

மேரி ஆன்ட்டி: மெட்ரோ தண்ணீர் லாரி முனையில் நிற்கிறது. குடம் வரிசையில் வைத்தவர்கள் உடனே வரவும்.

ஸ்டெல்லா அக்கா: ஆன்ட்டி, இது படிப்பகம் குழு.

மேரி ஆன்ட்டி: தெருக் குழுவில் போட்டால் ஒருத்தரும் பார்ப்பதில்லை.

தினேஷ்: பாய் கேபிள் வந்தது. நெட் வந்துவிட்டது!

கீதா: சரி, இப்போது சோர்சஸ் ஃபைலைத் திற. எங்கிருந்து இறக்குவது என்று அதில்தான் இருக்கும். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று இருக்கும். அதோடு கான்ட்ரிப், நான்-ஃப்ரீ இரண்டையும் இடைவெளி விட்டுச் சேர். அப்புறம் பட்டியலைப் புதுப்பிக்க ஏபிடி அப்டேட். அடுத்து இரண்டு பேக்கேஜ் இன்ஸ்டால் செய்: லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64, பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ். ஆங்கில எழுத்துகளைத் தாளில் எழுதிப் படமாகப் போடுகிறேன், பார்த்து அடி.

கீதா: 📷 படம்

தினேஷ்: இது இன்டெல் பிராசசர். ஏஎம்டி எதற்கு?

கீதா: 64 பிட்டுக்கு டெபியனில் அதுதான் பெயர். இன்டெல்லுக்கும் அதுவேதான்.

தினேஷ்: ஃபேன் பயங்கரமாகக் கத்துகிறது.

கீதா: கத்தட்டும். அந்த டிரைவரை உன் கர்னலுக்கு ஏற்றபடி அங்கேயே கம்பைல் செய்கிறது, ஹெடர்ஸ் அதற்குத்தான். பழைய மாட்யூல் ஓடுகிறது என்று ஒரு எச்சரிக்கை வரும். ஓகே கொடுத்து, முடிந்ததும் ரீஸ்டார்ட் செய்.

ராஜேந்திரன் மாமா: பேத்திக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸ் மாதிரி பாஸ் என்று ஒன்று இருந்ததே. அதுவும் இந்த வகைதானா?

கீதா: ஆமாம் மாமா. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் செய்தது. அதையும் டெபியனை வைத்துத்தான் கட்டினார்கள். அந்த இலவச லேப்டாப் 2011இல் தொடங்கிய திட்டம், விண்டோஸும் பாஸும் சேர்ந்தே வந்தன.

ராஜேந்திரன் மாமா: அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

கீதா: யாருமே திறக்கவில்லை மாமா 😄

தினேஷ்: வைஃபை வந்துவிட்டது!! தெருவில் இருக்கிற பெயரெல்லாம் வரிசையாக நிற்கிறது.

ஸ்டெல்லா அக்கா: 6:40. சத்தம்?

கீதா: டெர்மினலில் ஏபிளே, ஒரு இடைவெளி, ஹைஃபன் எல். எத்தனை சவுண்ட் கார்டு காட்டுகிறது?

தினேஷ்: கார்டு 0 எச்டிஎம்ஐ. கார்டு 1 பிசிஎச், பக்கத்தில் ஏஎல்சி என்று ஏதோ ஒரு எண்.

கீதா: ஸ்பீக்கர் அந்தக் கார்டு 1இல்தான். 0 என்பது டிவிக்குப் போகும் வழி. இல்லாத டிவிக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கும். சத்தத்தை அமைக்கும் பாவுகன்ட்ரோல் திறந்து அவுட்புட்டில் பில்ட்-இன் ஆடியோ அனலாக்கை எடு.

தினேஷ்: எடுத்துவிட்டேன். பாட்டுப் போட்டால் பட்டை ஆடுகிறது, காதில் ஒன்றும் விழவில்லை.

கீதா: பட்டை ஆடினால் மேலே எல்லாம் சரி. போர்ட் என்ற இடத்தில் என்ன இருக்கிறது?

தினேஷ்: ஹெட்ஃபோன்ஸ், பிளக்ட் இன். ஆனால் எதுவும் சொருகவில்லை அக்கா, சத்தியமாக.

பாஷா பாய்: உப்புக் காத்து. அந்த ஜாக்குக்குள் டார்ச் அடித்துப் பார்.

தினேஷ்: பச்சையாகப் பூத்திருக்கிறது பாய்.

பாஷா பாய்: அதேதான். துறைமுகத்துப் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் போனிலும் இதே கதைதான். உள்ளே இருக்கும் சின்னத் தகடு ஒட்டிக்கொண்டு, ஹெட்ஃபோன் போட்டிருக்கிறது என்றே காட்டும்.

கீதா: பாய் சொல்வது சரி. அதை நம்பித்தான் லேப்டாப் ஸ்பீக்கரை வாயடைக்கிறது. தினேஷ், டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் என்ற சத்தப் பட்டைகள் திரைக்குப் போய் எஃப்6, கார்டு 1. வலது பக்கம் நகர்ந்துகொண்டே போ, ஆட்டோ-மியூட் மோட் வரும். அதை டிஸேபிள்ட் ஆக்கு. ஸ்பீக்கர் பட்டைக்குக் கீழே எம்எம் என்று இருந்தால் அதில் நின்று எம் அழுத்து, 00 ஆகிவிடும். அப்புறம் பாவுகன்ட்ரோலில் போர்ட்டை ஸ்பீக்கர்ஸுக்கு மாற்று.

தினேஷ்: வந்துவிட்டதுஊஊ

தினேஷ்: 🎤 குரல் பதிவு

ஸ்டெல்லா அக்கா: பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது.

கீதா: மூடிவிடாதீர்கள். சூடோ ஆல்சாசிடிஎல் ஸ்டோர் ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்கள், இந்த அமைப்பு அப்படியே நிற்கும்.

பாஷா பாய்: ஜாக்கைச் சுத்தம் செய்யாமல் விட்டால் துரு உள்ளே போகும். நாளைக்கு பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொண்டுவாருங்கள், ஐபிஏ, அதாவது ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துடைத்துத் தருகிறேன். காசு வேண்டாம், படிப்பகத்துக்குத்தானே.

தினேஷ்: அக்கா, அடுத்த அப்டேட்டில் வைஃபை திரும்பப் போய்விடுமா?

கீதா: கர்னல் மாறும்போது டிகேஎம்எஸ் அந்த டிரைவரைத் தானாகவே புதிதாகக் கட்டிக்கொள்ளும். அந்த ஹெடர்ஸ் பேக்கேஜை மட்டும் நீக்காதே. ஃபேன் கத்துகிறது என்று பாதியில் மூடியை மூடாதே.

ஸ்டெல்லா அக்கா: இதைத் தாளில் எழுதி மூடிமேலேயே ஒட்டிவிடுகிறேன். சார் லைனில் வந்துவிட்டார், வைக்கிறேன்.