கார்னெட்டில் நீலத் தாளா, வெள்ளைத் தாளா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் இரண்டு நாடுகளில் வாடிக்கையாளர் சந்திப்பு. ஒரு அளவீட்டுக் கருவியும் ஆறு மாதிரிகளும் கூடவே வருகின்றன. எல்லாம் திரும்பி வரவேண்டியவை என்பதால் ஏ.டி.ஏ. கார்னெட் (பொருளை வரி கட்டாமல் தற்காலிகமாக வெளிநாடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்) எடுக்கிறோம். இலவசமாகக் கொடுக்கும் பேனா, கையேடு எதையும் அதில் சேர்க்கவில்லை. தீர்ந்துபோகும் பொருளுக்கு கார்னெட் செல்லாது.

பட்டியலில் வரிசை எண், எடை, மதிப்பு ஏற்றியாயிற்று. கருவியின் பின்தகட்டில் பொறித்த எண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்தோம்: 8 என்று படித்தது உண்மையில் ஆங்கில எழுத்து பி (B). ஓர் எழுத்து மாறினாலும் சுங்கத்தில் பொருளை நிறுத்திவிடலாம். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச், 3.7 வோல்ட், அதாவது 74 வாட் அவர். விமானத்தில் அனுமதிக்கும் 100 வாட் அவருக்குள் இருப்பதால் கைப்பையில் போகும்.

சிக்கல் இதுதான்: விமானம் மாறும் நாட்டில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டும். அங்கே நீல டிரான்சிட் தாள் போதுமா, வெள்ளை இறக்குமதித் தாளும் வேண்டுமா? அந்த நாட்டிலிருந்து வெளியேறும்போது சுங்க முத்திரை விடுபட்டால் பிற்பாடு வரி கேட்டு வருவார்கள், அதுதான் கவலை. இரண்டு மணி நேர இடைவெளி முத்திரைக்குப் போதுமா? சமீபத்தில் இப்படிப் போனவர்கள் சொல்லுங்கள்.