குப்பை வண்டி வருவதில்லை: மினுங்கும் உறைகளை எங்கே கொடுப்பது?

எங்கள் தெரு பிரதான சாலையிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. 7 வாரங்களாகக் குப்பை வண்டி வரவில்லை. பாதை குறுகல், வண்டியைத் திருப்ப முடியவில்லை என்கிறார்கள். இரண்டு முறை எழுத்து மூலம் புகார் கொடுத்தும் பதில் இல்லை.

சமையலறைக் கழிவைக் காய்ந்த இலையோடு கலந்து உரமாக்கிவிடுகிறேன். அட்டை, இரும்பு, 1, 2 என்று எண் பொறித்த பிளாஸ்டிக் பாட்டில்கள் எல்லாம் பழைய பொருள் வியாபாரியிடம் போய்விடுகின்றன. மிஞ்சுவது, உள்ளே வெள்ளி போல மினுங்கும் தின்பண்ட உறைகள்தான். பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால் எளிதில் பிரிக்க முடியாது. வியாபாரி தொடவே மறுக்கிறார். கழுவிக் காயவைத்துக் கட்டியதில் 4 சாக்குகள் நிறைந்துவிட்டன. நேற்று நாய்கள் ஒரு சாக்கைக் கிழித்து வாய்க்கால் வரை இழுத்துப் போட்டிருந்தன. தண்ணீரில் மிதந்த உறைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். பக்கத்து வீட்டில் எரிக்கிறார்கள். பிளாஸ்டிக்கைத் திறந்தவெளியில் எரித்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகலாம். எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. எரிக்கவோ புதைக்கவோ எனக்கு மனம் வரவில்லை.

சிமெண்ட் ஆலைகளில் இவற்றை எரிபொருளாகப் பயன்படுத்துவதுண்டு. ஆனால் 4 சாக்குகளுக்காக யார் வருவார்கள்? தெருவில் 14 வீடுகள் இருக்கின்றன. சேர்த்துவைத்து நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கத் தயார்.

கிராமப்புறத்தில் இருப்பவர்கள் இந்த உறைகளைப் பெற்றுக்கொள்ளும் இடத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?