புதுப்பிப்பு: மியூனிக் அருகே கார் வராத ஈசார் ஆற்றோரச் சரளைப் பாதை

கார்களோடு மல்லுக்கட்டாமல் ஈசார் ஆற்றோரம் சைக்கிளில் போக வழி கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களுக்கு நன்றி, போய் வந்தாயிற்று.

கைகொடுத்தது, எஸ்7 புறநகர் ரயிலில் மியூனிக்குத் தெற்கே உள்ள வொல்ஃப்ராட்ஸ்ஹவுசென் ஊர் வரை சென்று ஆற்றின் போக்கிலேயே திரும்பச் சொன்ன யோசனை. சைக்கிளுக்குத் தனி டிக்கெட் உண்டு. வார நாட்களில் காலை 6 முதல் 9 வரை ஏற்றவிட மாட்டார்கள். ஊரைத் தாண்டும் வரைதான் கார்கள். புப்ளிங்கர் ஆவ் என்னும் ஆற்றோர இயற்கைக் காப்புப் பகுதியைப் பார்த்துவிட்டு, இக்கிங் அணையில் பிரியும் கால்வாயின் கரையைப் பிடித்தால் மியூல்டால் நீர்மின் நிலையம் வரை மேடே தெரியவில்லை. அங்கே, வாத்திய இசையும் பீருமாக வரும் மரத் தெப்பங்கள் சறுக்குப் பாதையில் தடதடவென்று இறங்குகின்றன. முன்வரிசை ஆட்கள் முழங்கால்வரை நனைந்தும் கோப்பையை விடவில்லை!

எதிர்பாராதது: மியூனிக் நெருங்கும்போது வரும் க்ரூன்வால்ட் ஊர்ப் பக்க ஏற்றம். இறங்கித் தள்ளத்தான் வேண்டும். ஆற்றின் சில சரளைத் திட்டுகளில் வசந்தம் தொடங்கிக் கோடையின் பெரும்பகுதி வரை கால்வைக்கத் தடை. உப்புக்கொத்திப் பறவைகள் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டையிடும் இடம் அது. 40 மி.மீ. டயர் தாராளம், மெல்லிய டயர் புதையும்.