எழுதும்போது மறைந்துபோகும் யுஎஸ்பி எஸ்எஸ்டி, தடுமாறும் மவுஸ்: ராஸ்பெர்ரி பை 4 உதவி தேவை

குட்டிப்பலகை:

வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினி போர்டு ஒன்றை வீட்டுக் கோப்புகளுக்கான சர்வராக வைத்திருக்கிறேன். நீல நிற யுஎஸ்பி 3 போர்ட் ஒன்றில், சாட்டா டிரைவை யுஎஸ்பியில் மாட்ட உதவும் அடாப்டர் வழியாக 2.5 அங்குல எஸ்எஸ்டி, அதாவது சேமிப்பு டிரைவ். பக்கத்து நீல போர்ட்டில் வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் இரண்டுக்குமான ரிசீவர். கறுப்பு போர்ட்டில் ஒரு வெப்கேம்.

சின்னக் கோப்புகள் ஒழுங்காகப் போகின்றன. 10 ஜிபி அளவுக்கு நகலெடுக்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நிமிடங்களில் வேகம் பூஜ்யமாகிறது, உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்ற செய்தி வருகிறது, டிரைவ் காணாமல் போகிறது. கழற்றிச் செருகினால் திரும்பி வரும், ஆனால் எஸ்டிஏ என்றிருந்த அதன் பெயர் எஸ்டிபி ஆகியிருக்கும். அதே நேரத்தில் மவுஸும் விட்டுவிட்டு நகர்கிறது. இதே எஸ்எஸ்டி, இதே அடாப்டர் என் மடிக்கணினியில் நாள் முழுவதும் ஓடுகின்றன. இயங்குதளத்தை இரண்டு முறை புதிதாக நிறுவிவிட்டேன். போர்டே பழுதா?

கறுப்புத்திரை:

எஸ்எஸ்டியை ஒரு முறை ஃபார்மட் செய்து பாருங்கள். எனக்கும் இதேதான் நடந்தது. ஃபார்மட் செய்ததும் சரியாகிவிட்டது.

ஈயப்பற்று:

நண்பரே, தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். மடிக்கணினியில் ஒழுங்காக ஓடும் டிரைவை ஃபார்மட் செய்வது, நோயாளியை விட்டுவிட்டுத் துணைக்கு வந்தவருக்கு ஊசி போடுவது போன்றது. போர்டு பழுது என்ற முடிவுக்கும் இப்போதே வர வேண்டாம்.

மூன்று விவரங்கள் வேண்டும். எந்த சார்ஜரில், எந்த கேபிளில் ஓட்டுகிறீர்கள்? திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி வருகிறதா? டிரைவ் மறைந்த உடனே, மறுதொடக்கம் செய்யாமல், இயங்குதளத்தின் பதிவைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையின் கடைசி இருபது வரிகள் என்ன? கூடவே, போர்டின் நிலையைச் சொல்லும் விசிஜென்கமாண்ட் கட்டளையில் 'கெட் த்ராட்டில்ட்' கொடுத்தால் வரும் எண்ணையும் எழுதுங்கள்.

குட்டிப்பலகை:

கைபேசியோடு வந்த சார்ஜர்தான், 5 வோல்ட் 3 ஆம்பியர் என்று அதன்மேல் அச்சிட்டிருக்கிறது. கேபிள் மேசை இழுப்பறையில் கிடந்தது, ஒரு மீட்டர் இருக்கும். மின்னல் குறி அடிக்கடி வருகிறது. மின்சாரம் நன்றாக ஏறுகிறது என்பதற்கான அடையாளம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

எண் 50005. பதிவில் 'அண்டர்வோல்டேஜ் டிடெக்டட்' பல முறை வருகிறது, நடுநடுவே சூப்பர்ஸ்பீடு யுஎஸ்பி சாதனத்தை ரீசெட் செய்வதாகவும் வரிகள் இருக்கின்றன.

ஈயப்பற்று:

அந்த மின்னல் உதவி கேட்டுக் கத்துகிறது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால்தான் அது தோன்றும். 50005 ஒரு பதினாறடிமான எண். வலக்கோடி 5 என்பது 4 + 1. ஒன்று என்றால் இந்தக் கணத்தில் மின்னழுத்தம் குறைவு, நான்கு என்றால் இந்தக் கணத்தில் செயலியின் வேகம் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இடக்கோடி 5, போர்டு தொடங்கியதிலிருந்து இவ்விரண்டும் ஒரு முறையாவது நடந்திருப்பதைச் சொல்கிறது.

சார்ஜர் நல்லதாகவே இருக்கலாம். நான் சந்தேகப்படுவது கேபிளைத்தான். மெல்லிய கேபிள்களுக்குள் 28 கேஜ் செம்புக் கம்பி இருப்பது சாதாரணம் (கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது). அதற்கு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பி சேர்த்தால் 0.42 ஓம். போர்டும் எஸ்எஸ்டியும் சேர்ந்து 2 ஆம்பியர் இழுக்கும்போது 0.84 வோல்ட் கேபிளிலேயே கரைந்துவிடும். சார்ஜரில் 5 வோல்ட் புறப்பட்டு போர்டுக்கு 4.16 வோல்ட்தான் வந்து சேரும். 20 கேஜ் கம்பியாக இருந்தால் இதே கணக்கில் இழப்பு 0.13 வோல்ட்தான். கைபேசிக்கு இது உறைக்காது. அதற்குள் பேட்டரி இருக்கிறது, சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான். போர்டுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது.

சின்னக் கோப்புகள் போய்ப் பெரியவை விழுவதற்கும் இது பொருந்துகிறது. தொடர்ந்து எழுதும்போதுதான் எஸ்எஸ்டி அதிகம் இழுக்கும். பை 4-இல் நான்கு போர்ட்டுகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் ஒதுக்கீடு, அதில் வெப்கேமும் பங்கு கேட்கிறது.

கேபிள் நிரந்தரமாகப் பொருத்திய 5.1 வோல்ட் 3 ஆம்பியர் பவர் சப்ளை போடுங்கள். அல்லது எஸ்எஸ்டியைத் தனி மின்சாரம் உள்ள ஹப்பில் மாட்டுங்கள். ஹப் வாங்கினால் ஒரு சோதனை: போர்டின் மின்சாரத்தை மட்டும் பிடுங்குங்கள். சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்தால் ஹப் பின்வழியாக போர்டுக்கு மின்சாரம் தள்ளுகிறது. அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்போதைக்கு மின்சாரத்தை மட்டும் மாற்றுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள்.

குட்டிப்பலகை:

புதிய பவர் சப்ளை போட்டாயிற்று. மின்னல் இல்லை, எண் 0. முன்பு மூன்று நிமிடம் தாண்டாத நகல் பதினொரு நிமிடம் ஓடியது. 'தீர்ந்தது' என்று இங்கே தட்டச்சு செய்துகொண்டிருந்தபோதே மறுபடி நின்றுவிட்டது. எழுதியதை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இம்முறை பதிவில் மின்னழுத்தம் பற்றிப் பேச்சே இல்லை. யுஏஎஸ் அபார்ட் என்ற வரிகள் கொத்துக் கொத்தாக, பிறகு ரீசெட். மவுஸும் மாறவில்லை.

இரவுக்காவலன்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இது எனக்குப் பழக்கமான நோய். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோளாறுகள் இருந்திருக்கின்றன, முதலாவதைத்தான் நீக்கியிருக்கிறீர்கள்.

பழைய யுஎஸ்பி சேமிப்பு முறையில் டிரைவுக்கு ஒரு கட்டளை போகும், அது முடிந்த பிறகே அடுத்தது. யுஏஎஸ் முறையில் பல கட்டளைகளை வரிசையில் நிறுத்தலாம். சில அடாப்டர் சிப்கள் யுஏஎஸ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் வரிசை நீண்டால் திணறி மௌனமாகிவிடும். மடிக்கணினியில் தப்பிப்பதற்குக் காரணம் அங்கே இயங்குதளமோ யுஎஸ்பி கன்ட்ரோலரோ வேறாக இருப்பதாகலாம்.

உங்கள் அடாப்டருக்கு மட்டும் யுஏஎஸ்ஸை அணைத்துப் பழைய முறைக்கே திருப்பிவிடலாம். எல்எஸ்-யுஎஸ்பி கட்டளையில் அடாப்டரின் அடையாள எண் கிடைக்கும், முக்காற்புள்ளியின் (:) இருபுறமும் நான்கு நான்கு எழுத்துகள். போர்டு தொடங்கும்போது படிக்கும் சிஎம்டிலைன் கோப்பில் இருக்கும் ஒரே வரியின் தொடக்கத்தில் 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவர்க்ஸ்=' போட்டு, அந்த எண், மீண்டும் முக்காற்புள்ளி, சின்ன யு, பிறகு ஓர் இடைவெளி. இவை அனைத்தும் ஆங்கில எழுத்தில் என்று சொல்லத் தேவையில்லை. நடுவில் என்டர் தட்டிவிடாதீர்கள். நான் தட்டினேன். போர்டு எழவே இல்லை, எஸ்டி கார்டைக் கழற்றி வேறு கணினியில் திருத்த வேண்டியதாயிற்று.

மறுதொடக்கம் செய்ததும் எல்எஸ்-யுஎஸ்பியை டி விருப்பத்தோடு கொடுத்துப் பாருங்கள். டிரைவர் என்ற இடத்தில் யுஏஎஸ் போய் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் வந்திருக்க வேண்டும்.

மவுஸ் தனிக் கதை. யுஎஸ்பி 3 இணைப்பு வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் வானொலி இரைச்சல் கசிகிறது, அதே அலைவரிசையில் இயங்கும் உங்கள் ரிசீவர் அதன் காதுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2012-இலேயே இன்டெல் நிறுவனம் இதை அளந்து ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ரிசீவரைக் கறுப்பு போர்ட்டுக்கு மாற்றுங்கள், அதுவும் ஒரு நீட்டிப்பு கேபிளில். வைஃபை 2.4-இல் இருந்தால் அதையும் 5-க்கு மாற்றுவது நல்லது.

குட்டிப்பலகை:

முதலில் ரிசீவர். நீட்டிப்பு கேபிளில் மாட்டி மேசை விளிம்புக்குக் கொண்டுவந்ததும் மவுஸ் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது.

குவர்க்ஸ் வரி உடனே வேலை செய்யவில்லை, யுஏஎஸ் அப்படியே இருந்தது. அரை மணி நேரம் எண்ணைச் சரிபார்த்தேன். கோப்பைத் திறந்து என் வரிக்குக் கீழே படித்தபோதுதான், 'இந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள், இடம் மாறிவிட்டது' என்று எழுதியிருப்பதைக் கண்டேன். புதிய பதிப்பில் அது பூட் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர் என்ற கோப்புறையில் இருக்கிறது. அங்கே எழுதியதும் டிரைவர் மாறிவிட்டது.

நேற்று இரவு 180 ஜிபி. காலையில் பதிவில் ஒரு ரீசெட் கூட இல்லை. வேகம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் கிகாபிட் நெட்வொர்க் வழியாக நொடிக்கு 110 எம்பிக்கு மேல் எப்படியும் வராது என்பதால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஈயப்பற்று, இரவுக்காவலன், இருவருக்கும் மிக்க நன்றி.

கறுப்புத்திரை:

இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. நான் ஃபார்மட் செய்த அன்று அடாப்டரையும் மாற்றியிருந்தேன்.