கிறிஸ்துமஸ் பூசையில் பார்த்து, இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒருவர்: உங்கள் அனுபவம்?

நற்கருணைப்பணியாளன்:

நள்ளிரவுப் பூசை. நன்மை, அதாவது நற்கருணை அப்பம், நான் கொடுக்கும் நேரம். என் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. வருடம் முழுக்கப் பார்க்காத முகங்கள் வரும் ராத்திரி, தெரிந்ததுதானே. ஒருவர் சின்னப் பெண்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கிட்டே வந்ததும் இன்னொரு கையை நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு, "எனக்கு வேண்டாங்க. பிள்ளைக்கு ஒரு ஆசீர் மட்டும்" என்றார். அதற்குள் அந்தக் குழந்தை, முன்னால் போனவர்களைப் பார்த்து, கையை என்னிடம் நீட்டிவிட்டது. அவர் அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார். "நமக்கு இல்லம்மா" என்றார். கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகியவர்போல இருந்தது.

அடுத்தவர் வந்து நிற்கிறார். "கிறிஸ்துவின் திருவுடல்" என்று நான் சொல்லியாக வேண்டும். சொன்னேன், குரல் வரவில்லை. பூசை முடிந்து வாசலில் தேடினேன், ஆள் இல்லை. உங்களுக்கும் இப்படி யாராவது இருந்தால் எழுதுங்கள்.

பின்வரிசை:

என் அக்காவும் நன்மை வாங்க முடியாதவள்தான். மறுமணம், கோயிலில் நடக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வீட்டார் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். நன்மை நேரம் வந்ததும் அவள் காலை ஒடுக்கிக்கொள்வாள், நாங்கள் தாண்டிப் போவோம். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்திருப்பாள், பக்கம் மட்டும் திரும்பாது.

ஒரு வருடம் எல்லாரும் எழுந்தோம், அம்மா எழவில்லை. தினப்பூசை தவறாதவர். நன்மைக்கு முந்தின ஒரு மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் வாயில் படக்கூடாது என்று எங்களை வளர்த்தவர். அக்கா முழங்கையால் இடித்து, "போம்மா, எல்லாரும் பார்க்கிறாங்க" என்கிறாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாம இரு" என்றார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த பிறகும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா அடுத்த ஞாயிறும் பூசைக்கு வந்தாள்.

திருமணப்பணிக்குழு:

பின்வரிசை, அம்மாவின் பாசம் புரிகிறது. ஆனால் ஏற்க முடியவில்லை. நன்மை வாங்கத் தடை இல்லாதவர் பட்டினி கிடந்தால், தடை உள்ளவருக்கு அது எப்படி வழியாகும்?

நான் பார்த்தது சின்ன விஷயம். கணவரைப் பிரிந்து மணமுறிவு ஆன ஒரு பெண், மறுமணம் செய்யாதவர், யாரோ சொன்னதை நம்பி வருடக்கணக்காக நன்மை வாங்காமலே இருந்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலத்தில், பாவசங்கீர்த்தன (பாவ அறிக்கை) வரிசைக்குப் பக்கத்தில் தயங்கி நின்றவரிடம், "உங்களுக்கு அப்படி ஒரு தடையே இல்லையே" என்றேன். பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதனால்தான் சொல்கிறேன், அரைகுறைச் செய்தி பரவக் கூடாது. மணமுறிவு மட்டும் யாரையும் நற்கருணையிலிருந்து விலக்குவதில்லை. முதல் திருமணம் திருச்சபை முன் செல்லுபடியாக இருக்கும்போதே மறுமணம் செய்வதுதான் சிக்கல். அவர்களைப் பற்றியும் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-லேயே எழுதிவிட்டார்: நன்மை வாங்க இயலாவிட்டாலும் தங்களைத் திருச்சபைக்கு வெளியே இருப்பதாக எண்ணக் கூடாது. திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல், ஒவ்வொருவர் நிலைமையையும் குருவோடு சேர்ந்து ஆராய வேண்டும், சில சூழல்களில் நன்மை போன்ற அருட்சாதனங்களின் துணையும் கிடைக்கலாம் என்றார். இதை ஒவ்வொருவரும் தனக்குத் தானே தீர்மானித்துக்கொள்ளக் கூடாது, பங்குச் சாமியாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அப்புறம், முதல் திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிக்கும்படி மறைமாவட்டத்தின் திருச்சபை நீதிமன்றத்தில் கேட்கலாம். முன்பெல்லாம் ஒரு நீதிமன்றம் செல்லாது என்றாலும் இன்னொன்று உறுதிசெய்தாக வேண்டும். 2015-இல் வந்த மாற்றத்தில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இருவரும் இசைந்து, ஆதாரமும் வெளிப்படையாக இருந்தால் ஆயரே தீர்ப்பளிக்கும் சுருக்கமான வழியும் உண்டு. பலர் பயப்படுவது ஒன்று: "செல்லாது என்றால் என் பிள்ளைகள் முறைதவறிப் பிறந்தவர்களாகிவிடுவார்களா?" ஆக மாட்டார்கள். திருச்சபைச் சட்டம் 1137 அதைத் தெளிவாகவே சொல்கிறது. இது தெரியாமல் எத்தனை தாய்மார் மனுவே போடாமல் இருக்கிறார்கள்!

குடில்வேலை:

திருமணப்பணிக்குழு, நீங்கள் எழுதியதெல்லாம் சரி. ஆனால் பின்வரிசை கேட்டது அது இல்லையே. பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் ஆண்டுக்கு ஒருமுறையாவது நன்மை வாங்க வேண்டும் என்பதுதான் கட்டளை. ஒரு கிறிஸ்துமஸில் மகளோடு உட்கார்ந்ததற்காக அந்தத் தாயைக் கண்டிக்க வேண்டுமா? என்னால் முடியாது.

என் அனுபவம் வேறு. கோயில் குடில் வேலை என் பொறுப்பு. 24-ஆம் தேதி மாலை வரைக்கும் தீவனத் தொட்டியில் வைக்கோல் மட்டும்தான் இருக்கும். பாலன் இயேசு சுரூபத்தைச் சாமியார் பூசையில்தான் கொண்டுவருவார். மாதா, சூசையப்பர், மாடு, கழுதை எல்லாம் வைத்துவிட்டு விளக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இளம்பெண் வந்தார். "குழந்தை இன்னும் இல்லையா?" என்றார். "நள்ளிரவுதாங்க வைப்போம்" என்றேன். "அப்ப நான் இப்பவே பார்த்துட்டுப் போயிடறேன்" என்றவர், குனிந்து வைக்கோலைத் தடவிச் சரிசெய்தார். ஓரத்தில் தூக்கிக்கொண்டிருந்ததை உள்ளே அமுக்கினார். படுக்கை விரிப்பைச் சரிசெய்கிற அதே கை அசைவு. வயிற்றிலேயே பிள்ளையை இழந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. ராத்திரிப் பூசைக்கு அவர் வரவில்லை.

1223-இல் இத்தாலியின் கிரேச்சியோவில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த முதல் குடிலில் சுரூபமே கிடையாது. வைக்கோல், மாடு, கழுதை, நடுவில் பூசை, அவ்வளவுதான். அதை முன்பே படித்திருக்கிறேன். காலியாக இருக்கும் தொட்டி முன்னாலும் ஜெபிக்கலாம் என்று அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. டிசம்பர் 28, ஏரோது கொன்ற பிள்ளைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் விழாப் பூசையை இப்படிப்பட்ட பெற்றோருக்காக ஒப்புக்கொடுக்கும்படி உங்கள் பங்கில் கேளுங்கள். திருநாள் கொண்டாட்டம் முடிந்த களைப்பில் அந்த நாளை அப்படியே கடந்துபோகிறோம்.

நற்கருணைப்பணியாளன்:

குடில்வேலை, இந்த வருடப் பூசைக் கருத்துகளில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். நன்றி.

பின்வரிசை:

திருமணப்பணிக்குழு, உங்களோடு சண்டை போடத்தான் வந்தேன். எழுதுவதற்குள் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டாள். பிள்ளைகள் பற்றிய அந்த 1137-ஐ இரண்டு தடவை படித்தாள். அம்மா விஷயத்தில் நீங்கள் சொன்னதை நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அது இருக்கட்டும். முதல் கணவர் பேச்சுவார்த்தையிலேயே இல்லை. அவர் பதில் சொல்லாவிட்டாலும் மனுவை எடுத்துக்கொள்வார்களா, அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழை யார் வாங்கித் தர வேண்டும் என்று கேட்கிறாள். தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.